மதகடியில் நிற்கும் வண்டி

முதல் தடவை நின்றபோது வண்டியைத் திட்டினேன். இரண்டாம் தடவை அதை ரிப்பேர் செய்தவனைத் திட்டினேன். மூன்றாம் தடவையும் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில், அதே ஏரிக்கரையில், அதே மதகுக்கு எதிரே வண்டி மூச்சடங்கி நின்றபோது யாரையும் திட்டுவதற்கு வாய் எழவில்லை. எனக்கு வாய் எழாமல் போவது அபூர்வம். வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

நாற்பத்திநாலு வயதில் பழைய டர்ட் பைக் ஒன்றை வாங்கினேன். செங்கல்பட்டில் வீடு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. அழுத்தம் காட்டும் கடிகாரங்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று நாளெல்லாம் பார்த்துச் சீட்டு ஒட்டுவதுதான் என் பிழைப்பு. வாரவிடுப்பு வெள்ளிக்கிழமை. அன்று ஒருநாளாவது மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பு மணலில் மனம்போல ஓட்ட வேண்டும் என்று ஆசை.

"முட்டி வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் தைலம் தேய்ச்சிக்கிறவருக்கு மணல்ல ஓட்ற பைக் கேக்குதா?" என்றாள் மனைவி.

"முட்டிக்கு அது நல்லதுடி" என்று அடித்து விட்டேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

வண்டி கிடைத்தது திருக்கழுக்குன்றத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில். ஓட்டு வீட்டின் பக்கவாட்டில் இரண்டு வருடமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு தண்டுகளும் புதிது, மற்றதெல்லாம் பழசு. அதைப் பார்த்தவுடனே இது அடிபட்ட வண்டி என்று தெரிந்துவிட்டது. வீட்டில் ஓர் அம்மா மட்டும். மாநிலத்தின் பாதிக் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்த்த கைகள் என்று அவரே சொன்னார். ஒரே மகன். இந்த வண்டியில் போகும்போதுதான் இறந்திருக்கிறான். யாரோ ரிப்பேர் செய்து கொண்டுவந்து விட்டார்கள். காயலான் கடைக்குப் போடவும் மனமில்லை, கண்ணெதிரே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"ஸ்பீடு ஸ்பீடுன்னு ஊரே பேசுது தம்பி" என்றார் அவர். "என் புள்ள ஸ்பீடா போறவன் இல்ல. லாரியத் தாண்டசொல்ல வண்டி நின்னுபோச்சாம். எதுர்க்க வேன் வந்துட்ச்சு. பின்னாடி வந்த லாரிக்காரன் அங்கியே சொன்னானாம், அத்த எவனும் காதுல வாங்கல. கடசீல போலீஸ்காரனுங்க ஸ்பீடுன்னு எழுதிட்டானுங்க."

நான் எதற்கு அந்த நேரத்தில் வாயைத் திறந்தேனோ. "அப்படி நடுரோட்ல நின்னுதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். மிஷின் விஷயத்தில் தெரியாது என்று சொல்வது எனக்குப் பிறவியிலேயே வராது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு தம்பி. நீ மிசினு வேல தெரிஞ்சவன். ஏன் நின்னுதுன்னு மட்டும் எனுக்கு சொல்லு."

வண்டியைக் கொடுக்க அவர் போட்டது ஒரே நிபந்தனை. வெள்ளிக்கிழமைதோறும் அதை ஒருமுறை அவர் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், பொட்டு வைத்து அனுப்புவார். மகன் இருந்தவரை ஒரு வெள்ளி தவறியதில்லையாம். பொட்டு எங்கே என்றால், ஹெட்லைட்டில் இல்லை, ஹேண்டில்பாரில் இல்லை. பெட்ரோல் டாங்க்கின் மூடிக்கு நட்டநடுவில். கல்லில் அரைத்த சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, அதன்மேல் குங்குமம். "சோறு எறங்கற எடத்துலதான் வெக்கணும்" என்பார். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. நம் வீடுகளில் மிக்ஸியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை எதற்குத்தான் பொட்டு வைக்கவில்லை?

ஆக வெள்ளிக்கிழமை என் பாதை இதுதான். செங்கல்பட்டிலிருந்து அந்த அம்மா வீடு. பொட்டு. ஊர் எல்லையில் உள்ள பங்க்கில் டாங்க் நிறையப் பெட்ரோல். அங்கே பெட்ரோல் போடும் பெண்ணுக்கு நல்ல மனசு, பொட்டு கலையாமல் மூடியை ஓரத்தில் பிடித்துத் திருகித் திரும்ப மூடுவாள். பிறகு ஏரிக்கரைச் சாலை வழியாகக் கடற்கரை.

பங்க்கிலிருந்து சரியாக மூன்று கிலோமீட்டரில் மதகு. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் தலைபோன இரண்டு பனைமரங்கள். வீடு கிடையாது, கடை கிடையாது. அங்கே வந்ததும் வண்டி இரண்டு தரம் விக்கியது, ஒரு தரம் முன்னால் தள்ளியது, அடங்கிவிட்டது. உதைத்தேன். காலை மாற்றி உதைத்தேன். ம்ஹூம். பத்து நிமிடம் வெயிலில் வெந்துவிட்டு மறுபடி உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது.

அன்று மதகுப் படிக்கட்டின் கீழிருந்து செம்பட்டை நாய் ஒன்று ஏறி வந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. குரைக்கவில்லை. நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் என் தோள்பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளி அந்த அம்மாவிடம் வண்டி நின்றதைச் சொன்னேன். "எங்க?" என்றார். மதகு என்றேன். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கதான் தம்பி என் புள்ள போனான்."

எனக்குப் பயமாகிவிட்டது. அதை மறைக்க, "கார்புரேட்டர்ல அழுக்கும்மா, இரண்டு வருஷம் சும்மா கிடந்த வண்டி இல்லையா" என்று ஏதோ உளறினேன். அன்றும் அங்கேதான் நின்றது.

செங்கல்பட்டு மெக்கானிக் கெட்டிக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றித் தட்டில் பரப்பினார். பெட்ரோல் போகும் நுண்ணிய பித்தளைத் துளைகளுக்கு ஜெட் என்று பெயர், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஊதினார். மிதவை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று அளந்தார். காற்றுத் திருகை முழுதாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சாம்பல் வெள்ளையாக இருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பெரிய ஜெட் ஒன்றை மாற்றிப் போட்டார்.

இந்த வேலையெல்லாம் டாங்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நடக்கும். பெட்ரோலுக்கு, ஆஸ்பத்திரியில் மாட்டும் குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை மேலே ஆணியில் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய். எல்லாக் கடையிலும் வழக்கம் அதுதான். வண்டி சொட்டுச்சொட்டாகக் குடித்துக்கொண்டு அருமையாக ஓடியது.

"பாட்டு பாடுது பாருங்க சார்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதகடியில் பாட்டு நின்றது. அதுதான் மூன்றாவது தடவை. இந்த முறை நாய் முன்கூட்டியே வந்து சாலையோரம் காத்திருந்தது. நான் இன்னும் நூறு மீட்டர் தூரத்தில் வரும்போதே எழுந்து நின்று வாலை ஆட்டியது. வண்டி இங்கேதான் நிற்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை!

எஞ்சின் சூடு ஆறும் டிக் டிக் ஓசை. ஏரியில் தண்ணீர் அசையவில்லை, பனையிலும் அசைய ஓலை இல்லை. அந்த அமைதியில்தான் கேட்டேன். டாங்க்கிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம். யாரோ பல்லிடுக்கு வழியாக மூச்சை இழுக்கிறார்கள், விடவே இல்லை, இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். குனிந்து காதை வைத்தேன். உள்ளேதான். மயிர்க்கூச்செறிந்து இரண்டடி பின்னால் போய்விட்டேன். நாய் தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கை மதகுக்கே கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று கூப்பிட்டேன். "வெள்ளிக்கெழமைல நான் வர்ல சார். கோச்சுக்காதீங்க" என்றார். செவ்வாய்க்கிழமை வந்தார். மதகைத் தாண்டினோம், திரும்பினோம், மறுபடி தாண்டினோம். நாலு தடவையும் வண்டி அலுங்காமல் போனது. நாய் படிக்கட்டிலேயே படுத்திருந்தது, எழுந்துகூடப் பார்க்கவில்லை. மெக்கானிக் வண்டியிலிருந்து இறங்கி, மதகைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இதுல கார்புரேட்டர் கோளாறு இல்ல சார். ஒரு எலுமிச்சம்பழத்த கட்டிடுங்க."

"யோவ், நீ மெக்கானிக்கா, மந்திரவாதியா?" என்று கத்தினேன். கத்தியது பயத்தில்தான். அன்றைக்கே எலுமிச்சம்பழம் வாங்கிக் கட்டியும் விட்டேன்.

அடுத்த வெள்ளி அந்த அம்மாவிடம் அந்த மூச்சுச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அது என் புள்ளதான்! அவனுக்குச் சின்னதுலேர்ந்து வீசிங் கீது தம்பி. பனி நாள்ல அப்டித்தான் இஸ்த்துகினே இருப்பான், நான் முதுகத் தேச்சு வுடுவேன்." என் சட்டைக் கையைப் பிடித்தார். "அடுத்த வெள்ளி என்னிய பின்னால ஏத்தினு போ. ஒரே ஒரு வாட்டி காத வெச்சுக் கேட்டுட்டு வந்துடறேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். அவர் அன்று சந்தனத்தை எப்போதும் வைப்பதைவிடக் கூடுதலாகவே அப்பினார்.

அன்று மதகுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டி விக்க ஆரம்பித்துவிட்டது. உருண்டு போய் மதகடியில் நின்றேன். ஏரிக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கையில் துரட்டியோடு கரைமேல் ஏறி வந்தார். வண்டியைப் பார்த்ததும் வாயில் கைவைத்தார்.

"இது அந்தப் புள்ள வண்டியாச்சே! அதும் இங்கதான் வந்து நிக்கும், வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. நாய்க்கு பிஸ்கோத்து போடும். அப்பவே என்னவோ ஒண்ணு புட்ச்சு நிறுத்திகினு இருந்துக்குது பாரு."

"அப்புறம் எப்படிம்மா கிளம்புவான்?"

"என்னாத்தக் கண்டேன். பெட்ரோலு கீதான்னு மூடியத் தெறந்து பாக்கும், மறுபடி மூடும். ஒரு ஒத, போய்க்கினே இருக்கும்."

நான் ஒருநாளும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்கு முன்னால்தானே டாங்க்கை நிரப்பினேன், எதற்குத் திறக்க வேண்டும்? உள்ளே இழுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. சந்தனத்தின்மேல் கட்டைவிரல் பட மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. மூடிவிட்டு உதைத்தேன். ஒரே உதை.

அட முட்டாளே, என்று வாய்விட்டுச் சிரித்தேன். மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டாங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை இறங்கவிடாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடும், பிறகு நிற்கும். பங்க்கில் திறந்து மூடியதிலிருந்து கணக்குப் போட்டால் மூன்று கிலோமீட்டர். ஓரத்தில் எங்கோ கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து நுழையும் சத்தம்தான் அந்த மூச்சு. பத்து நிமிட வெயிலில் அப்பிய சந்தனம் வெடிப்பு விட்டதும் மறுபடி கிளம்பும், பிறகு வழியில் நிற்காது. செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் காய்ந்து வெடித்து உதிர்ந்திருக்கும், அதனால் நிற்காது. பட்டறையிலோ டாங்க்கே கிடையாது, பாட்டில். நாளெல்லாம் அழுத்தத்தோடு மாரடிக்கிறவன், நாலு வாரமாக ஒரு துளையைப் பார்க்காமல் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறேன்!

சிரித்துக்கொண்டே கட்டைவிரலைப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பையன் இங்கே நின்றிருக்கிறான். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், அது நிற்கும் நேரத்தில் அவன் லாரியைத் தாண்டிக்கொண்டிருந்தான். பேய் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. அன்று நான் கடற்கரைக்குப் போகவில்லை.

வீட்டில் மூடியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி மூடியை வாங்கித் துளையைத் தடவிப் பார்த்தாள். "அந்த அம்மாகிட்ட இதைச் சொன்னீங்கன்னா நீங்க மனுஷனே இல்ல" என்றாள். "புது மூடி போடுங்க. ஏதோ அடைப்புன்னு சொல்லுங்க. வாயை மூடிக்கிட்டு வந்துடுங்க, புரியுதா?"

புரிந்தது. மேலே ரப்பர் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் புது மூடியைத் தேடி வாங்கிப் போட்டேன். இனி எவ்வளவு சந்தனம் அப்பினாலும் அதன் மூச்சு நிற்காது. அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் வாசலிலேயே தயாராக நின்றிருந்தார். நல்ல புடவை, தலையில் பூ வைக்கவில்லை, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கையில் சந்தனக் கிண்ணம். மகன் மூச்சைக் கேட்கக் கிளம்பியிருக்கிறவரிடம் நான் சொன்னேன்: "இனிமே அங்க நிக்காதும்மா. கோளாறைக் கண்டுபிடிச்சுட்டேன். கார்புரேட்டர்ல ஒரு ஜெட் அடைச்சுக்கிட்டு இருந்துது. உங்க பையன் போனப்பவும் அதேதான். அவன் மேல தப்பே இல்ல."

"அப்போ அந்தச் சத்தம்?"

"காத்தும்மா. வெறும் காத்து."

முகம் வாடிப்போனது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார். அத்தோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு வியாதி இருக்கிறது, எந்தக் கோளாறையும் முக்கால்வாசி தெரிந்துகொண்டு விட முடியாது. கடைசித் திருகு வரை கழற்றியாக வேண்டும். அது வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்கும் பொட்டு வெச்சிங்களாம்மா?"

"வெள்ளிக்கெழமையாச்சே, வெக்காம வுடுவனா? புதுச் சந்தனம் அரச்சு நல்லா..." என்று சொல்லிக்கொண்டே விரலில் சந்தனத்தை எடுத்து டாங்க் பக்கம் குனிந்தார். விரல் மூடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"மூடி புதுசா கீது."

"ஆமாம்மா."

"ஜெட்டுதான அடச்சுகினு இருந்துது?"

நான் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் மூடிய ஏன் தம்பி மாத்தின?"

கண்ணாடி முன்னால் நின்று இதற்கு ஒரு பதிலும் நான் தயார் செய்து வரவில்லை. பழசு உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது, எத்தனையோ சொல்லலாம். எப்போதும் அடங்காத வாய் அந்த நேரம் பார்த்து அடைத்துக்கொண்டது. அவர் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் குழாயைப் பார்த்தார். தன் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார். பாத்திரம் தேய்த்துக் காப்புக் காய்த்த விரல், கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். சந்தனம் போன பிறகும் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு கை இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அப்போ என் புள்ள ஸ்பீடா போல."

"போகலம்மா."

"நல்லா பாத்துட்டியா?"

"பாத்துட்டேம்மா."

"செரி தம்பி" என்றார். "ஊர்ல அத்த நீயே சொல்லிடு."

சொன்னேன். டீக்கடையில், பங்க்கில், ஆடு மேய்க்கும் அந்தப் பெண்மணியிடம், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னேன்: அந்தப் பையன் வேகமாகப் போகவில்லை, ஜெட் அடைப்பு. இப்போதும் வெள்ளிக்கிழமை போகிறேன். மதகடியில் நானே சாவியைத் திருகி நிறுத்தி நாய்க்கு பிஸ்கட் போடுகிறேன், டாங்க் மூச்சுக் காட்டுவதில்லை. அந்த அம்மாவும் வாசலுக்கு வருகிறார், மோர் கொடுக்கிறார், வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரிக்கிறார். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்வரை கை இரண்டையும் முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்.